நோரீன் எரித்த இருபது ஏக்கர்

லோவெல் தன் டிரெய்லர் வீட்டைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டிருந்த அந்த மே மாதக் காலையில் எங்கள் தெரு முழுவதும் ஜன்னலோரம் நின்றது. முழுவதும் என்றால் ஒன்பது வீடு. அயோவாவின் வடமேற்கு மூலையில் கிடக்கும் எங்கள் ஊரில் அதற்கு மேல் வேடிக்கை பார்க்க ஆளும் கிடையாது, வேடிக்கையும் கிடையாது. நான் ஜன்னலில் எல்லாம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் நேராகப் போய் வேலியருகே நின்றுகொண்டேன்.

அவன் பெண்டாட்டி ஆர்டிஸ் பாத்திரப் பெட்டியை டிரெய்லருக்குள் வைத்துவிட்டு, முன்னங்கையால் நெற்றியைத் துடைத்தபடி என்னிடம் வந்து வீட்டுச் சாவியை நீட்டினாள்.

"ஜெனீவா, தக்காளிச் செடிக்கு வேருல மட்டும் தண்ணி ஊத்து. இலையில ஊத்தாத. போன தடவை மாதிரி கருக வச்சுடாத."

"கருகினது செடியோட கொழுப்பு. என் தலையில கட்டாத. நீ நல்லபடியா கிளம்பு."

"நாலு மாசம்டி. எப்படித்தான் இருக்கப் போறேனோ."

"முப்பத்தெட்டு வருஷமா இதுக்குத்தானே மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்த? இப்ப என்ன பிகு?"

அவள் சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்த லோவெலைப் பார்த்தாள். அவன் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டு, "போலாமா?" என்றான். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். லோவெல் பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். எழுபது வயதாகிறது. இந்த எழுபது வருஷத்தில் எங்கள் ஊரில் அவன் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு தபால் அட்டையில் இடம் மிச்சமிருக்கும்.

அவன் ஒரு காலத்தில் கூலிக்குக் கோதுமை அறுக்கும் கோஷ்டி வைத்திருந்தான். மூன்று அறுவடை எந்திரம், நான்கு லாரி, எட்டு ஆள். மே மாதக் கடைசியில் டெக்சஸில் கோதுமை பழுக்கும்போது அங்கே தொடங்குவார்கள். பிறகு கோதுமை எந்த வேகத்தில் வடக்கே பழுத்துக்கொண்டு போகிறதோ அதே வேகத்தில் இவர்களும் பின்னாலேயே ஏறுவார்கள். ஓக்லஹோமா, கான்ஸாஸ், நெப்ராஸ்கா, தெற்கு டக்கோடா என்று போய், செப்டம்பரில் மொண்டானாவில் கனடா எல்லைக் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கோஷ்டிக்காரனின் பெண்டாட்டிதான் கோஷ்டிக்குச் சமையல்காரி. விடியுமுன் முட்டையும் பன்றிக்கறியும், நண்பகலில் வயலுக்கே கொண்டுபோய்ச் சுடச்சுடச் சாப்பாடு, எந்திரம் நின்ற பிறகு மறுபடி ஒரு சாப்பாடு. எட்டு ஆம்பிளைகள், நான்கு மாதம், ஒரு டிரெய்லர் அடுப்பு.

ஆர்டிஸ் கல்யாணமான புதிதில் அப்படித்தான் போனாள். போனது பதினேழு நாள். ஓக்லஹோமாவில் ஒரு நண்பகல், சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனவள், காரை அறுத்த கோதுமைத் தாளின் மேலேயே நிறுத்திவிட்டாள். புதுக் கார். அடியில் புகைக்குழாய் நெருப்பாய்க் கொதிக்கிறது. முழங்கால் உயரத்துக்கு உலர்ந்த அரிதாள். இறங்கி மேசைவிரிப்பை உதறுவதற்குள் காருக்கடியில் பிடித்துக்கொண்டது. காரை எப்படியோ இழுத்துவிட்டார்கள். ஆனால் காற்று பக்கத்துப் பாத்தியில் அறுக்காமல் நின்ற கோதுமைக்குள் தீயைக் கொண்டுபோய்விட்டது. எட்டு ஏக்கர் போயிற்று. மறுநாள் காலையில் லோவெல் அவளைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு, "நீ வீட்டுல இருக்கறதுதான் நல்லது" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் தெற்கு டக்கோடாவிலிருந்து நோரீன் என்று ஒரு விதவை சமையலுக்கு வந்து சேர்ந்தாள். அவள் இருந்தது இருபத்திரண்டு கோடை. லோவெல் கோஷ்டியை விற்றுவிட்டுத் தானியக் கிடங்கு வேலைக்குப் போகும்வரை அவள்தான். ஆர்டிஸ் அவளைக் கண்ணால் பார்த்தது கிடையாது. போனில் இரண்டு முறை குரல் கேட்டிருக்கிறாள். "குரலே வெண்ணெய் தடவின மாதிரி இருக்குடி" என்று என்னிடம் சொன்னாள். அவள் முகம் அப்போது நன்றாக இல்லை.

நான் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள். அட்டையைத் திருப்பிப் படிக்காமல் பெட்டியில் போட்டேன் என்று புளுகினால் ஊரே சிரிக்கும். ஒவ்வொரு கோடையும் லோவெலிடமிருந்து ஆறு, ஏழு அட்டை வரும். "மழை. மூணு நாள் சும்மா. எல்லாரும் நலம்." "விளைச்சல் பரவாயில்லை. வெயில்." இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு 'அன்புள்ள' கிடையாது. ஆர்டிஸ் அதைக் கையில் வாங்கி, பின்பக்கம் திருப்பி, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டு, "நோரீன் என்ன சமைச்சாளோ" என்பாள்.

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எந்தச் சாவுச் சாப்பாடென்றாலும் அவள் கைதான். யாராவது பாராட்டினால் உடனே, "என்னங்க, எட்டு ஏக்கரை எரிச்சவதானே" என்று தலையைக் குனிந்துகொள்வாள். வேடிக்கைக்குச் சொல்வது போல இருக்கும். வேடிக்கை இல்லை. அந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா, இல்லை என்னைவிட அவள் அவனுக்கு ஒத்துப்போனாளா, இந்த ஒரு கேள்விதான் அவளை அரித்தது. முப்பத்தெட்டு வருஷம் அரித்தது. அதனால்தான் லோவெல் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், "எங்கயாவது போலாமா?" என்று கேட்டபோது, கடற்கரை, மலை எதுவும் வேண்டாமென்று, "நீ அறுத்துக்கிட்டுப் போன வழியிலேயே என்னைக் கூட்டிக்கிட்டுப் போ" என்றாள்.

முதல் போன் டெக்சஸிலிருந்து வந்தது. நான் தக்காளிக்கு வேரில் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தேன்.

"ஜெனீவா, அவன் சிரிக்கிறான்டி."

"யாரு?"

"எங்க ஆளுதான். நிஜமாச் சிரிக்கிறான். பல்லெல்லாம் தெரியுது."

ஏதோ ஊரில் காப்பிக் கடைக்குள் நுழைந்திருக்கிறார்கள். நாலு கிழவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "லோவெல்! உயிரோடதான் இருக்கியா நீ!" என்று கட்டிப் பிடித்திருக்கிறார்கள். அப்புறம் எல்லாரும், "ஏலம் போடு, ஏலம் போடு" என்று மேசையைத் தட்டியிருக்கிறார்கள். அவன் கொஞ்சம் மறுத்துவிட்டு, நாற்காலி மேலே ஏறி நின்று, மாட்டுச் சந்தை ஏலக்காரன் மாதிரி மூச்சு விடாமல், யாருக்கும் புரியாத வேகத்தில், பீச் பழம் அடைத்துச் சுட்ட பை என்கிற பலகாரத்தில், தட்டிலிருந்த கடைசித் துண்டை ஏலம் விட்டானாம்.

"லோவெலா? நாற்காலி மேலயா?"

"அதைக் கேளு. வயல்ல தினமும் இப்படித்தான் ஏலம் போடுவானாம். நோரீன் சுட்ட பையில கடைசித் துண்டு யாருக்குன்னு. தினமும் மத்தியானம். இருபத்திரண்டு வருஷம். எனக்கு அவன் உப்பை எடுன்னு கூடச் சொன்னதில்லடி, கையைத்தான் நீட்டுவான்."

எனக்கும் கொஞ்சம் வயிறெரிந்தது, மறைப்பானேன். நான் எங்கள் மாவட்டத்தைத் தாண்டியதே நாலு தடவை. ஆனாலும் அவள் குரலில் இருந்தது வேறு எரிச்சல். அவளுடைய புருஷன் ஒருவன் வழிநெடுக வாழ்ந்திருக்கிறான், அவனை அவளுக்கு இன்னும் யாரும் அறிமுகம்கூடச் செய்துவைக்கவில்லை.

அதன்பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் வரும். துணி துவைக்கும் கடையிலிருந்து, பெட்ரோல் பங்கிலிருந்து. எல்லாம் நோரீன் புராணம். நோரீன் ஆலங்கட்டி மழையில் டிரெய்லர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று ரொட்டி சுட்டாளாம். நோரீன் லாரி ஓட்டுவாளாம். நோரீன் ஒரு பாம்பை இரும்புச் சட்டியால் அடித்தாளாம்.

"சட்டியால அடிச்சா என்ன, கரண்டியால அடிச்சா என்ன, உனக்கு ஏன் எரியுது?" என்றேன்.

"எனக்கு எரியல."

"சரி, எரியல."

"நான் பாம்பைப் பாத்தா ஓடிருப்பேன். அதான்."

ஓக்லஹோமாவில் அந்த வயலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். லோவெல் நிறுத்தாமலே கடந்துவிட்டான். "இந்த வெயில்ல என்னத்தைப் பாக்கப் போற" என்று மட்டும் சொன்னானாம். அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கோதுமை அறுத்துக் கிடந்தது. எட்டு ஏக்கர் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

வினை வந்தது கான்ஸாஸில். விர்ஜில் என்று ஒரு பழைய விவசாயி. லோவெல் அவன் நிலத்தை இருபது வருஷம் அறுத்துக் கொடுத்தவன். விர்ஜிலின் பெண்டாட்டி லூயெல்லா விருந்து வைத்தாள். மாட்டிறைச்சி வறுவல், பிசைந்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், ஐஸ் போட்ட தேநீர். ஆர்டிஸ் தன் பங்குக்கு டிரெய்லரில் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு வைத்து ஒரு பை சுட்டுக்கொண்டு போனாள். லூயெல்லா ஒரு வாய் வைத்துவிட்டு, "அடேயப்பா, என்ன கை!" என்றாள். "உண்மையைச் சொல்றேன், தப்பா நெனச்சுக்காத. முதல் ரெண்டு வருஷம் நோரீன்தான் லோவெல் பொண்டாட்டின்னு நெனச்சேன். சமைக்கிறவதானே பொண்டாட்டி? அப்புறம் ஒரு நாள் கேட்டுட்டேன். பாவம், அவளுக்கு மூஞ்சி செவந்துபோச்சு."

ஆர்டிஸ் பழைய வழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "முதல் வருஷம் நான்தான் வந்தேன். எட்டு ஏக்கரை எரிச்சுட்டுப் பஸ் ஏறிட்டேன்."

விர்ஜில் முட்கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தான். "எட்டா? அது ஒரு கணக்கா! நோரீன் என் வயல்ல இருபது ஏக்கரை எரிச்சா. இதோ, இந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம். காரைக் கொண்டுவந்து தாள் மேல நிறுத்திட்டு, உருளைக்கிழங்கு சாலட்டை எடுத்து வச்சுக்கிட்டு இருக்கா, பின்னால ஜுவாலை!"

"அப்படியா?" என்றாள் ஆர்டிஸ். "லோவெல் என்ன செஞ்சான்?"

"அவனா? மறுநாள் மத்தியானம் ஏலம் போட்டான். 'இருபது ஏக்கர், நல்லா வறுத்தது, நோரீனோட கைப்பக்குவம், யாருக்கு வேணும்'னு. நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். நோரீனும்தான்."

மேசைக்கு அந்தப் பக்கம் லோவெல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் இன்னொரு துண்டு பை வெட்டி விர்ஜிலுக்கு வைத்தாள். பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "கத்தி கையில இருந்துச்சு ஜெனீவா. அதை வையின்னு எனக்கு நானே சொல்லி வச்சேன்."

மறுநாள் நெப்ராஸ்கா எல்லையைத் தாண்டினார்கள். பிறகு அவள்தான் ஆரம்பித்தாள்.

"அவ இருபது. நான் எட்டு."

"ஆர்டிஸ், அது பழைய கதை."

"உனக்குப் பழசு. எனக்கு நேத்து மத்தியானம்தான் பொறந்துச்சு."

"இன்சூரன்ஸ் இருந்துச்சு, விர்ஜிலுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

"நான் இன்சூரன்ஸைக் கேட்டனா? அவளை ஏன் பஸ் ஏத்தல?"

அவன் கண்ணாடியில் பின்னால் வரும் டிரெய்லரைப் பார்த்தான்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? டெக்சஸ்ல நாற்காலி மேல ஏறி நின்னு கத்தின வாய்தானே இது?" சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அவகூடப் படுத்தியா?"

லோவெல் வண்டியைச் சாலையோரம் ஒதுக்கினான். இரண்டு பக்கமும் சோளம், எதிரே ஒரு நீர்த்தொட்டி, வேறு எதுவுமில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, "இல்ல" என்றான்.

"ஒரு தடவைகூட?"

"இல்லன்னா இல்ல."

"அப்போ அவகிட்ட என்ன இருந்துச்சு, எங்கிட்ட இல்லாதது?"

எதிரே ஒரு பிக்கப் போனது. அதை ஓட்டியவன் எங்கள் பக்கத்து வழக்கப்படி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினான். லோவெலும் உயர்த்தினான். ஊர் பேர் தெரியாதவனுக்கு விரலாவது உயர்கிறது என்று ஆர்டிஸுக்கு அழுகை வந்துவிட்டது.

"நேரா நோரீன் வீட்டுக்கு ஓட்டு" என்றாள்.

"அவளுக்கு உடம்பு சரியில்ல. இடுப்பு ரெண்டும் மாத்தியிருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கிறிஸ்துமஸுக்கு அட்டை போடுவா. கிடங்கு விலாசத்துக்கு."

"கிடங்கு விலாசத்துக்கு!" என்றாள் ஆர்டிஸ். அன்று மாலை போனில் இந்த இரண்டு சொல்லை மட்டும் எனக்கு நாலு முறை சொன்னாள். கிடங்கு அடுத்த ஊரில், அதன் தபால் என் கைக்கு வராது. தபால் நிலையத்தில் உட்கார்ந்திருந்த என் கண்ணிலும் மண்ணைத் தூவியிருக்கிறான் பாருங்கள். அதில் எனக்கும் அவன்மேல் கோபம்தான்.

வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போவது எங்களுக்கு வழக்கமில்லை, பகையாளி வீடானாலும் சரி. நெப்ராஸ்காவில் முகாம் போட்ட இடத்தில் ஆர்டிஸ் செர்ரிப் பை சுட்டாள். முதலாவது ஒரு பக்கம் கருகிவிட்டது. குப்பையில் போட்டாள். இரண்டாவது ஓரம் உடைந்தது. அதை லோவெல் சாப்பிட்டான், கேட்காமலே. மூன்றாவதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு முந்நூறு மைல் போனாள்.

தெற்கு டக்கோடாவில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு சின்ன வீடு. எப்போதும் அடிக்கும் காற்று. நோரீன் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு கதவுக்கு வந்தாள். பருத்த உடம்பு, எழுபத்தெட்டு வயது, தாடையில் நாலு நரைமயிர். வெண்ணெய்க் குரல் மட்டும் அப்படியே இருந்தது. ஆர்டிஸ் முப்பத்தெட்டு வருஷமாக மனதில் வைத்து எரிந்துகொண்டிருந்தவள் இவள் இல்லை. அந்தக் கற்பனை நோரீனுக்கு இடுப்பு இருந்தது.

"லோவெல், குளியலறைக் குழாய் ஒழுகுது. ஸ்பேனர் டப்பாவை எடுத்துக்கிட்டுப் போய்ப் பாரு" என்றாள் நோரீன், வணக்கம்கூடச் சொல்லாமல். அவன் போய்விட்டான். அவள் ஆர்டிஸைப் பார்த்தாள். "உக்காரும்மா. போட்டோல பாத்ததைவிட இளைச்சிருக்க."

"எந்தப் போட்டோ?"

"லாரியில கண்ணாடிக்கு மேல வெயில் தகடு இருக்குமே, அதுல சொருகியிருப்பான். மஞ்சக் கவுன். வெயில் பட்டு உன் மூஞ்சி பாதி அழிஞ்சு போச்சு. வேற போட்டோ மாத்துடான்னா மாத்த மாட்டான். இது என்ன, செர்ரியா? எனக்குச் சர்க்கரை. ஒரு துண்டு வெட்டு."

ஆர்டிஸ் வெட்டி வைத்தாள். நோரீன் தின்றாள். இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினாள்.

"நல்ல மாவு. எனக்கு இப்படி வந்ததே இல்ல. என்னது செருப்புத் தோல் மாதிரி இருக்கும், பயலுக பசியில தின்னானுங்க."

"அப்போ ஏன் என்னை அனுப்பிட்டான்?" ஆர்டிஸ் வழியெல்லாம் அழகாகக் கேட்க வேண்டுமென்று வார்த்தை கோர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அது இப்படித்தான் வெளியே வந்தது. "நீயும் எரிச்ச. நானும் எரிச்சேன். உன்னை வச்சுக்கிட்டான். எனக்கு என்ன குறை?"

நோரீன் கரண்டியைத் தட்டில் வைத்தாள். "உனக்குத் தெரியாதா? அடப் பாவி மனுஷா. இன்னுமா சொல்லல?"

"எதை?"

"ரோலண்ட்."

"யாரு ரோலண்ட்?"

"லாரி ஓட்டினவன். நீ வந்த வருஷம். தீயை அணைச்ச பிறகு உன் மூஞ்சியெல்லாம் கரியா இருந்துச்சாம். அவன் கைக்குட்டையைத் தண்ணியில நனைச்சு உன் கன்னத்தைத் துடைச்சானாம். நீ சிரிச்சியாம். இந்தாளு எந்திரத்து மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கான். மறுநாள் உன்னைப் பஸ் ஏத்தினான். அதுக்கு மறுநாள் அவனை."

ஆர்டிஸ் பை வெட்டிய கத்தியைத் தட்டோரம் வைத்தாள்.

"மொண்டானால ஒரு மழை. நாலு நாள் வேலை இல்ல. ரெண்டு பீர் உள்ள போனதும் எங்கிட்டச் சொல்லி அழுதான். 'அவ என்னைப் பாத்து அப்படிச் சிரிச்சதே இல்ல நோரீன்'னான். 'எட்டு ஆம்பளைங்க நடுவுல அவளை எப்படி விடறது'ன்னான். நான் கேட்டேன், 'அப்போ நான் என்ன, ஆம்பளையா'ன்னு." நோரீன் தன் மடியைக் கையால் தட்டிக் காண்பித்தாள். "அப்பவும் நான் இந்தக் கனம்தான். அதான் என்னைப் பாத்துப் பொறுக்கி எடுத்திருக்கான். எவனும் திரும்பிப் பாக்கமாட்டான்னு. வேலைக்குச் சேரும்போது என் சமையலுக்காகன்னு நெனச்சேன்."

குளியலறையில் லோவெல் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"உன்மேல எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா?" என்றாள் நோரீன். குரலில் சண்டை இல்லை. "ஒருத்தி சிரிச்சான்னு ஒருத்தனுக்கு அப்படிப் பத்திக்கிட்டு வருதே. எனக்காக ஒரு பயலுக்கும் பத்தல. என் வீட்டுக்காரனுக்கே பத்தல. தினமும் அந்தப் போட்டோவைப் பாக்கும்போது கிழிச்சுப் போடணும்னு தோணும். இருபத்திரண்டு வருஷம்."

ஆர்டிஸ் என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்கு மூன்றாவது துண்டை வெட்டினாள். நோரீன் வேண்டாமென்று சொல்லவில்லை.

கிளம்பும்போது ஆர்டிஸ் கையை நீட்டி, "சாவி" என்றாள். லோவெல் கொடுத்தான். அவள் டிரெய்லர் மாட்டிய வண்டியை அதுவரை ஓட்டியதில்லை. நாற்பது மைல் ஓட்டினாள். காற்று டிரெய்லரை இழுத்தது. அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ரோலண்ட்" என்றாள்.

லோவெலின் காது சிவந்தது. "நோரீனுக்கு ஓட்டை வாய்."

"முப்பத்தெட்டு வருஷம். எட்டு ஏக்கரை எரிச்சவளாச்சேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடந்தேன். நான் உதவாக்கரைன்னு நானே நம்பிட்டேன். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்திருக்க. தீ இல்ல ஆர்டிஸ், உன் தப்பு இல்ல, எனக்குத்தான் பொறாமைன்னு ஒரு வார்த்தை சொன்னா செத்தா போயிருப்ப?"

"அதை எப்படிச் சொல்றது?"

"நோரீன்கிட்டச் சொன்னியே!"

"அவகிட்டச் சொன்னா... அவ போயிட மாட்டா."

ஆர்டிஸ் வண்டியை நிறுத்தவில்லை. கத்தவுமில்லை. கத்துவதற்கு நெஞ்சில் நிறைய இருந்ததாம், எதை முதலில் எடுப்பதென்று தெரியவில்லையாம். இன்னும் பத்து மைல் போன பிறகு லோவெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டான்:

"நீ ஏன் அவனைப் பாத்துச் சிரிச்ச?"

எழுபது வயதுக் கிழவன். முழங்காலில் இரும்பு, காதில் எந்திரம். கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பயந்து தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டான்.

"அப்புறம் சொல்றேன்" என்றாள் ஆர்டிஸ்.

மொண்டானா எல்லைவரை அவள்தான் ஓட்டினாள். திரும்பி வரும்போதும்.

செப்டம்பர் கடைசியில் என் சமையலறையில் உட்கார்ந்து ஆப்பிள் தோல் சீவிக்கொண்டே இதையெல்லாம் அவள் முழுசாகச் சொன்னாள். தக்காளி கருகியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதிலேயே அவள் மாறிப்போயிருந்தது எனக்குத் தெரிந்தது.

"அதிருக்கட்டும், ஏன்டி சிரிச்ச? அவன் எப்படி, ஆளு நல்லா இருப்பானா?" என்றேன்.

ஆர்டிஸ் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஜெனீவா, எனக்கு அவன் மூஞ்சியே ஞாபகம் இல்லடி."

"நிஜமாவா?"

"தீ ஞாபகம் இருக்கு. நனைச்ச சாக்கு என்ன கனம்னு தோள்ல இருக்கு. வெந்த கோதுமை வாசனை இருக்கு. எவனோ மூஞ்சியைத் துடைச்சான், சரி. உயிரோட இருக்கோம்னு சிரிச்சிருப்பேன். அவன் நெட்டையா குட்டையா, மீசை இருந்துச்சா இல்லையா, சத்தியமாத் தெரியாது. ரோலண்டுங்கற பேரே நோரீன் சொல்லித்தான் தெரியும்."

"லோவெல்கிட்டச் சொல்லிட்டியா?"

"எதுக்கு?" அடுத்த ஆப்பிளை எடுத்தாள். "இருபத்திரண்டு கோடை போகட்டும். அப்புறம் சொல்றேன்."

"அப்போ அவனுக்குத் தொண்ணூத்திரண்டு."

"சத்தமாச் சொன்னாப் போச்சு."

மூன்று நாள் கழித்து லோவெல் என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றான். ஏணி வேண்டுமா என்றான். வேண்டாமென்றேன். மழை வரும்போல இருக்கிறது என்றான். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினான்.

"ஜெனீவா. அவ உன்கிட்ட எல்லாம் சொல்லுவாளே."

"சொல்லுவா."

"அந்த ரோலண்ட்... அவனைப் பத்தி ஏதாவது சொன்னாளா? என்னன்னா, ராத்திரி தூங்க முடியல."

ஒரு வாக்கியம் போதும். அவளுக்கு அவன் மூக்குகூட ஞாபகமில்லையடா, போய்த் தூங்கு என்றால் முடிந்தது. எனக்கு மனம் இளகத்தான் செய்தது. அப்புறம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நூறு பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டுக் குனிந்து நிற்கிற ஆர்டிஸின் தலை கண்முன் வந்தது.

"மீசை வச்சிருந்தானாம்" என்றேன்.

லோவெல் வழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டான். பிறகு வேலியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு தேவாலயத்தில் அவர்கள் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக்கு எழுந்து நின்றபோது லோவெல் பக்கவாட்டில் திரும்பினான். மூக்குக்குக் கீழே வெள்ளையாக, ஒரு பக்கம் அடர்ந்தும் ஒரு பக்கம் சொட்டையாகவும், எட்டு நாள் மீசை. ஆர்டிஸ் பின்னால் என் பக்கம் சாய்ந்து, "இந்த வயசுல இவனுக்கு என்னடி கேடு?" என்று கிசுகிசுத்தாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாட்டுப் புத்தகத்தை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, போதகரே நிமிர்ந்து பார்க்கும்படி சிரித்தாள். லோவெல் பாடுவதை நிறுத்திவிட்டான். அசையாமல், அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.